ஒரு கிலோவும் குறையாத பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாலை. லா ஷப்பல் மெட்ரோ நிலையத்துப் படிகள் மழையில் நனைந்திருந்தன. வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றாக எண்ணி ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு நான்கு படி மேலே இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் மூச்சு வாங்க நின்றார்கள்.

“மகள் ஒரு கிலோவும் குறையேல்லை அக்கா. டொக்டர் கைதட்டுறார்!” என்றாள் இளையவள்.

“அவருக்கென்ன விசரோ?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு பிரஷரை அளந்து காட்டினார். நல்லா இறங்கிப்போச்சு. இனிக் குளிசை விழுங்கத் தேவையில்லையாம். ஒன்பது வயசிலை குளிசையோ எண்டு நான் எவ்வளவு அழுதனான்!”

“அப்பிடி என்ன செய்தவை?”

“ஆஸ்பத்திரியிலை உடற்பயிற்சி மாஸ்டர் ஒருத்தர் பக்கத்திலை நிண்டு, நாடி பிடிச்சுப் பாத்துப் பாத்து அவளை ஓட விடுவார். இப்ப இரவிலை குறட்டையும் இல்லை.”

“அப்ப மெலியிறது?”

“அது ஆறுதலா, மெல்ல மெல்ல வரட்டுமாம். ஓட்டத்தை மட்டும் விடவேண்டாமாம்.”

மேலேயிருந்து ஒரு குண்டான சிறுமி எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, கெதியா வாங்கோ! ரயில் வருது!”

அவள் குரலில் இரைப்பே இல்லை. மூத்தவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

“எடியே, அந்த மாஸ்டரிட்டை ஒருக்கால் கேள், எங்களையும் சேர்ப்பாரோ எண்டு.”