ஜன்னல் அக்கா சேர்க்காமல் விட்ட பெயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பட்டறை உரிமையாளர் ஐயா அவர்களே, விடுதிக் காப்பாளர் அவர்களே, வந்திருக்கும் பெரியவர்களே, என் பேச்சை ஆசிரியையின் கைச் சைகைகளில் பார்த்துக்கொண்டிருக்கும் முன்வரிசை மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். கைகளுக்கு மூச்சு வாங்கும், மெதுவாகப் பேசு என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

வாசல் பலகையில் 'மறைவு' என்று எழுதியிருக்கிறது. மறைந்திருப்பவரைத் தேடலாம், கண்டுபிடிக்கலாம். 'காலமானார்' என்கிறார்கள். ஒரு மனுஷி எப்படிக் காலம் ஆக முடியும்? சந்தேகம் வந்தால் அகராதியைத் திறக்கிறவள் நான். இந்த வாரம் அதில் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் சித்தி பட்டறைப் படியில் ஏறிக்கொண்டே செல்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். "போர்ட் தெரியுதா?" இந்த விடுதி மாணவி ஒருத்தி, "தெரியல அக்கா" என்று பதில் போட்டாள். அதைப் படிக்கச் சித்தி இல்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். கேள்வி கேட்டவர் பதில் வருவதற்குள் போய்விட முடியுமா? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. உங்களுக்கு?

எனக்குச் சித்தி. பட்டறைக்குப் பொறியாளர். முன்வரிசைக்கு அவர் ஜன்னல் அக்கா. இரண்டு கைகளாலும் ஜன்னல் கதவைத் திறப்பது போலச் செய்தால் அதுதான் அவர் பெயர். விண்டோஸ் என்ற சொல்லை அவர் அத்தனை முறை திட்டியிருக்கிறார்.

ஏன் திட்டினார்? காது கேளாத இந்தப் பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் ஓர் அதிர்வுத் தட்டு இருக்கிறது. மணி அடித்தால் அது அதிர்ந்து எழுப்பும். சித்தியின் பட்டறை செய்தது. முன்பு ஒரு நாள் விடியற்காலையில் சமையலறையில் புகை சூழ்ந்தது. அபாய மணி அடித்தது, எல்லாத் தட்டும் அதிர்ந்தது. பிள்ளைகள் எழுந்து நிதானமாகப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு எழுப்புகிற அதிர்வும் அபாயத்துக்கு எழுப்புகிற அதிர்வும் ஒன்றாகவே இருந்தன. காப்பாளர் ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ள வேண்டியிருந்தது. அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அதிர்வை மாற்ற வேண்டுமென்றால் தட்டுக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு சில்லில் நிரலை மாற்றி எழுத வேண்டும். எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விடுதியில் இருப்பவை எல்லாம் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடும் கணினிகள்.

பட்டறை ஐயா அன்றே சொன்னார். "ஒரு விண்டோஸ் லேப்டாப்ப வாங்கி வச்சா அரை நாள் வேலைம்மா. எதுக்குத் தலையப் பிச்சுக்கற?"

"நம்ம வேலை முடிஞ்சிரும் சார். நாளைக்கு இவங்களுக்கு வேற மாதிரி வேணும்னா? தட்டைத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கணுமா? அவங்க தலகாணி எப்படி ஆடணும்னு அவங்களே எழுதட்டும்."

அதற்காக அவர் ஒயின் என்ற மென்பொருளைப் பிடித்துக்கொண்டார். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைப்பது அது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று யாரிடமோ செல்பேசியில், "ஒயின் இல்லாம ஒண்ணும் ஓடாது, நான் காலையிலிருந்து அதுலதான் கெடக்கறேன்" என்றார். அப்பா செய்தித்தாளை இறக்கினார்.

"உன் தங்கச்சி என்ன இப்படிக் கெட்டுப்போயிட்டா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அத்தான், அது குடிக்கிறது இல்ல. கம்ப்யூட்டர்ல போடறது."

"பேரு வச்சவனுக்கு வேற பேரே கெடைக்கலையா?"

"நீங்க இருந்திருந்தா மோர்னு வச்சிருப்பீங்க."

அன்று எல்லாரும் சிரித்த அந்தக் கூடத்தில்தான் புதன்கிழமை அவரைக் கிடத்தியிருந்தார்கள். பட்டறை ஐயா என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கையோட போயிருச்சு. இத இனிமே யாரு முடிப்பா? விட்டுடலாம்" என்றார். அழுதுகொண்டே சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விட்டுவிட்டால், இன்னொரு புகை வரும்போது இவர்கள் போர்வையை மடித்துக்கொண்டிருப்பார்களே?

அதனால் சித்தியின் கணினியையும், சில்லில் எழுதும் பட்டறைக் கருவியையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை விடுதிக்கு வந்தேன். சித்திக்குப் பதில் போட்ட அதே மாணவி என்னோடு உட்கார்ந்தாள். அவளைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். நாங்கள் தட்டச்சு செய்துதான் பேசிக்கொள்வோம். ஒயினில் மென்பொருள் திறந்தது. எழுதும் கருவியைச் செருகிய இடத்துக்குப் போர்ட் என்று பெயர். லினக்ஸ் அதை ஒரு பெயரில் கூப்பிடுகிறது, விண்டோஸ் மென்பொருள் வேறு பெயரில் தேடுகிறது. சித்தியின் கணினியில் இரண்டு பெயரையும் எப்படி இணைத்திருந்தார் என்று பார்த்து, அப்படியே இணைத்தோம். போர்ட் தெரிந்தது. ஆனால் திறக்க மறுத்தது. கேபிளை மாற்றினோம். கணினியை அணைத்துப் போட்டோம். சித்தியின் கணினியில் ஓடுகிறது, விடுதிக் கணினியில் ஓடவில்லை. ஏன்?

சுருட்டை கறுப்புத் திரையில் வந்த ஒற்றை வரியைப் படித்தாள். அனுமதி இல்லை என்றது அது. பிறகு எனக்குத் தட்டச்சு செய்தாள்: "போர்ட்ட தொடறவங்க பேரு முதல்ல சேர்த்திருக்கணும். அக்கா அவங்க கம்ப்யூட்டர்ல அவங்க பேர என்னைக்கோ சேர்த்துட்டாங்க. இங்க எங்க பேரு இல்ல."

அவ்வளவுதான். எப்போதோ ஒருமுறை செய்து முடித்ததால், அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே சித்திக்கு நினைவில் இல்லாமல் போயிருக்கிறது. காப்பாளர் கடவுச்சொல் கொடுத்தார். சுருட்டை தன் பெயரைச் சேர்த்தாள். வெளியேறி மறுபடி உள்ளே வந்தோம். அபாயத்துக்கான புதிய நிரலைச் சில்லில் எழுதினோம். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தோம். அபாயப் பொத்தானை அழுத்தியதும் மேசைமேல் இருந்த தட்டு விட்டுவிட்டு உதறியது. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் மேசையில் உள்ளங்கையை வைத்தார்கள். யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிப்பு.

அப்போது சுருட்டை கேட்டாள்: "அக்கா பேரையும் சேர்க்கவா?"

நான் யோசிக்காமல் பதில் போட்டேன்: "அவங்க வரட்டும். வந்து அவங்களே சேர்த்துக்குவாங்க."

அனுப்பிய பிறகுதான் படித்தேன். அவளும் படித்தாள். மேசையிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக விலகின. தட்டு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பட்டறை ஐயா அவர்களே, விட வேண்டாம். ஒரு கணினிதான் முடிந்திருக்கிறது. மற்றவற்றிலும் இந்தப் பிள்ளைகளின் பெயரைச் சேர்ப்போம். பிள்ளைகள் தூங்கும் மாடியறைத் தட்டுகள் அத்தனையும் பழைய அதிர்விலேயே இருக்கின்றன. எழுதும் கருவி எங்களிடமே இருக்கட்டும். எழுதப்போவது இவர்கள், நான் கேபிளைப் பிடித்துக்கொள்வேன். மாடியில் எல்லாத் தட்டும் மாறும்வரை, இரவுக் காவலுக்குக் கூடுதலாக ஒருவரைப் போடும்படி காப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் நாங்கள் மாடிக்குப் போகிறோம்.