மாமனார் வீட்டு விறகு

கொசு கடித்தால்கூட நான் அடிப்பதில்லை, ஊதித்தான் விடுவேன். பூச்சி என்றால் எனக்கு அவ்வளவு பிரியம். கல்லில் பதிந்த பூச்சி என்றால் இன்னும் ஒரு படி மேல். அது கடிக்காது, பறக்காது, எதிர்த்தும் பேசாது.

எனக்குப் பேரும் பதவியும் வாங்கிக்கொடுத்தது அப்படி ஒரு கல்தான். அதில் நகத்தளவில் ஒரு பூச்சி. முன்சிறகில் ஒரு நரம்பு இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய், கோபம் தணிந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி மறுபடி சேர்ந்துகொள்ளும். இன்றுள்ள எந்தப் பூச்சிக்கும் அப்படிக் கிடையாது. டைனோசர்களோடு இந்த வம்சமும் பூண்டோடு அழிந்தது என்று எழுதினேன். ஏன் அழிந்தது என்று ஒரு கோட்பாடும் கட்டினேன். அது பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

போன கோடையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். கொல்லையில் விறகு எடுக்கப் போன என் மனைவி, கையைக் குவித்துக்கொண்டு வந்தாள். என் கட்டுரைகளுக்குப் படம் வரைபவள் அவள்தான். அந்த நரம்பு அவளுக்குத் தெரியாதா என்ன.

"ஏங்க, உங்க பூச்சி உயிரோட இருக்குங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதே நரம்பு. கோடிக்கணக்கான வருஷம் ஒளிந்திருந்த கழுதை, நான் ஓய்வு பெறும்வரை பொறுத்திருக்கக் கூடாதா?

"ஒரு வரி மாத்தி எழுதினா போதுமேங்க. நல்ல சேதிதானே" என்றாள்.

ஒரு வரியாம். அதை உருவினால் என் ஆயுசுக்கும் எழுதியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

நான் அவசரப்படவில்லை. அவள் கொண்டுவந்ததை விறகிலிருந்த மற்றவற்றோடு விட்டுவிட்டு, விறகு வந்த காட்டைத் தேடிப் போனேன். அது வெட்டப்பட்டு, வீடுகளாகியிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சலித்தும் வேறெங்கும் அது இல்லை. நிம்மதியாக இருந்தது.

மாமனாரிடம், விறகில் கரையான் பிடித்திருக்கிறது, கொளுத்திவிடலாம் என்றேன். மாப்பிள்ளைக்கு இப்போதாவது வீட்டு வேலையில் அக்கறை வந்ததே என்று அவரே மண்ணெண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் தப்பி என் சட்டைக் கையில் ஏறியது. வயிறு நிறைய முட்டை. சிறகு ஒடியாமல் இடுக்கியால் மெல்லப் பிடித்துத் தீயில் விட்டேன். தொழில் பழக்கம்.

என்னை விசாரிக்கும் உங்களிடம் வந்து சொன்னது என் மனைவிதான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் பொய் எழுதினேன் என்று மட்டும் பதிவு செய்யாதீர்கள். அந்த வம்சம் அழிந்துவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறேன்? நம்பிக்கை இல்லையென்றால் போய்த் தேடிப் பாருங்கள்.