குளிரில் வைத்த குழாய்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் மருத்துவ நிலையத்தில் வாஃபிள் உண்டு. மேலே பழுப்புச் சீஸும் ஜாமும். வேலையைச் சாக்குச் சொல்லி மேசைக்கு வராதவரை இந்தத் தீவில் திமிர் பிடித்தவர் என்பார்கள். நீங்களும் இந்த ஊர்தானே, உங்களுக்குத் தெரியும். அதனால் நானும் போய் உட்கார்ந்தேன். அதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் ரத்தம் எடுப்பவள். எடுத்ததும் குழாயைச் சுழற்றி அணுக்களைத் தனியே பிரிக்க வேண்டும். பிரிக்காமல் விட்டால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். குளிரில் வைத்தால் இன்னும் கசியும். உடம்பில் வற்றிப்போனது குழாயில் மட்டும் சரியாக இருப்பதாகக் காட்டும். மீனை ஐஸில் போட்டுக் காத்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் ஏறாது. ஓட்ரூனின் குழாயை நான் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்ததைப் பார்த்த டாக்டர் ஈவர்கூட, "படகு வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும், கெடாது" என்றார். அவரும் மீனவர் மகன்.

ஓட்ரூன் என் அக்கா. அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் ஒஸ்லோவிலிருந்து எட்டிப் பார்க்காதவள், இதயம் பலவீனமானதும் என் வீட்டுக்கு வந்தாள். வந்து, தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பதாகக் கடையில் சொன்னாள். ஊரே அவளைப் பாராட்டியது. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சாப்பிட்டாள். அது பொட்டாசியத்தை இறக்கும் என்பதால் வெள்ளிதோறும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பாள், பிறகு எங்களோடு வாஃபிளுக்கு உட்காருவாள்.

"குன்வோருக்கு ஊசி குத்த நல்லா வரும், சூப் வைக்கத்தான் வராது," என்றாள் ஒருநாள். "பாவம், தனியா இருந்து இருந்து நாக்கு செத்துப்போச்சு."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குளிர்ந்த குழாய் அக்கரை ஆய்வகத்துக்குப் படகேறிப் போனது. பொட்டாசியம் சரியாக இருப்பதாக முடிவு வந்தது. ஈவர் நீர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்தடுத்த வாரமும் அப்படியே. கால் பிடித்து இழுக்கிறது என்று ஓட்ரூன் முனகினாள்; தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு ஒரு காலையில் சமையலறையில் விழுந்தாள், எழவில்லை. குழாயைச் சுழற்றுவதில் வந்த தாமதம்தான் அவளைக் கொன்றது. தாமதம் எங்கேயும் நடப்பதுதான்.

ஆனால் வேலையில் எனக்குப் பிழை பிடிக்காது. அவள் விழுவதற்கு முந்தைய கடைசி வெள்ளியன்று அவளிடம் இரண்டாவது குழாயும் எடுத்தேன். அதை உடனே சுழற்றி, என் பெயரை ஒட்டி அனுப்பினேன். சாயங்காலம் ஈவர் பதறிப்போய் என்னைப் போனில் அழைத்தார்.

"குன்வோர், உங்க பொட்டாசியம் ரொம்ப இறங்கிக் கெடக்கு. இதயம் எப்ப வேணா நின்னுடும். ஹெலிகாப்டர் கூப்பிடவா?"

வேண்டாம் என்றேன். அவரே பொட்டாசியம் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டவள் ஓட்ரூன்தான். பெட்டியை என் கையில் திணித்தாள்.

"மறக்காமப் போடுடி. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நான் எதற்குப் போட வேண்டும்? என் பொட்டாசியம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.