அக்காவுக்கு மாற்றம், எனக்கு நடுக்கம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நான் வாய் திறக்குமுன்பே என் வலது கையைக் கவனித்துவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே! மரபணு ஆய்வுக்கு இரத்தம் எடுக்கப் பக்கத்து அறையில் ஊசியோடு காத்திருக்கும் செவிலியர்களே! தள்ளாடினாலும் தவறாமல் வந்திருக்கும் பெரியோர்களே! அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைக்கும் என் அக்கா அவர்களே! அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் வணக்கம்.

மேசையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறானே, மேடைப் பயமா என்று நினைக்காதீர்கள். பயம் இல்லை, பார்க்கின்சன். சிரியுங்கள் ஐயா, தாராளமாகச் சிரியுங்கள்.

எங்கள் அப்பாவுக்கும் இதே நடுக்க நோய்தான். அவர் போன பிறகு அக்காவுக்கும் எனக்கும் ஒரு விசித்திரப் பழக்கம் வந்தது. காலையில் கடையைத் திறந்ததும் ஆளுக்கொரு ஊசியில் நூல் கோப்போம். தைப்பதற்கா? இல்லை, ஒருவர் கையை ஒருவர் வேவு பார்ப்பதற்கு! முதல் தடவையில் நூல் நுழையாவிட்டால் அன்று முழுக்க அக்கா முகத்தில் ஈயாடாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் அம்மா எங்கள் மரபணுவைச் சோதித்தார். நோய்க்கு வழிவிடக்கூடிய ஒரு மாற்றம் அக்காவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அன்று நான் போட்ட ஆட்டம் என்ன! அடித்த தம்பட்டம் என்ன! தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் எனக்கு வரவே வராது என்றேன். அக்காவோ கத்திரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

“இனிமே துணி வெட்டுறது நீதான்டா. என் கை எப்ப ஆடும்னு யாருக்குத் தெரியும்?”

முப்பது ஆண்டுகள் துணி வெட்டியவள் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

நடந்தது என்ன? இரண்டே ஆண்டில் ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டையை வெட்டினேன். கத்திரி ஆடி, ஒரு கால் நான்கு விரல் குட்டை! நல்ல மனிதர் அவர். “பரவாயில்ல மாஸ்டர், போட்டோவுல ஒரு காலை மடக்கி நின்னுக்கறேன்” என்றார்.

அக்காதான் என்னை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். எனக்கு நோய் வந்துவிட்டதை உறுதிசெய்துவிட்டு மருத்துவர் அம்மா சொன்னார்: “மாற்றம் இருந்தா வாய்ப்பு கூடும். அதுக்காக வந்தே தீரணும்னு இல்ல. உங்களுக்கு அந்த ஒண்ணு இல்ல, ஆனா சின்னச் சின்ன மாற்றங்கள் எத்தனையோ இருக்கலாம். வயசு இருக்கு, சுத்துச்சூழல் இருக்கு.”

“அப்ப ரெண்டு வருஷமா நான் எதுக்குப் பொத்தான் தைச்சேன்?” என்றாள் அக்கா. அன்று மாலையே கத்திரிக்கோலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவையோரே! அளவு நோட்டில் ஓர் எண் மாறினால் சட்டை இறுக்கலாம், இறுக்காமலும் போகலாம். துணி எது? தைத்தவர் யார்? உடுத்துபவர் இளைத்தாரா, பெருத்தாரா? எல்லாம் சேர்ந்துதான் முடிவு. மாற்றம் இருந்தும் நடுங்காத அக்கா! மாற்றம் இல்லாமலே நடுங்கும் தம்பி! அவளைக் காத்துநிற்பது எது? அதைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். அவள் இரத்தத்தைத்தான் கேட்கிறார்கள்.

இன்று காலை அக்கா சொன்ன பதில்: “இன்னொரு சோதனைக் காகிதம் வந்து என்னை மூலையில உட்கார வைக்கிறதுக்கா? போடா.”

அக்கா, இத்தனை பேர் நடுவில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் நோய் தீரும் என்று நான் கேட்கவில்லை. நாளை உன் மகளுக்கும் இதே காகிதம் வரலாம். அதைப் படித்து அவள் ஒடுங்கிப்போகாமல் இருக்க, அதில் எழுத மருத்துவருக்கு ஒரு நல்ல வரி வேண்டும். அந்த வரி உன் இரத்தத்தில் இருக்கலாம். பயந்து பயந்து நூல் கோத்தோமே, நம்மோடு முடியட்டும் அக்கா அந்தப் பயம்!

என்ன, எழுந்துவிட்டாளே! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். “பேசினது போதும், உட்காரு. எந்த அறைன்னு மட்டும் சொல்லு” என்கிறாள்.

வலப்பக்கம், இரண்டாவது கதவு அக்கா. தாய்மார்களே, வழிவிடுங்கள். வழிவிட்டவர்கள் அப்படியே அவள் பின்னால் வரிசையில் நில்லுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. போகிற அவளுக்கு என் வணக்கம்!