இரண்டு நாள் பிந்தியிருந்தால்

மைதானத்தில் கோடு போடுகிற வேலைக்கு அவசரம் ஆகாது, ஐயா. அவசரப்பட்டால் கோடு பாம்பு மாதிரி நெளியும். முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான். நான்காம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாலும், தேதிக் கணக்கில் என்னை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வரவேண்டும். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும்.

பிள்ளைகள் லீக் என்றால் வயதுக் குழுதான் எல்லாம். எங்கள் லீக்கில் ஜனவரி ஒன்று கணக்கு. அன்று தொடங்கி டிசம்பர் முப்பத்தொன்று வரை பிறந்தவர்கள் ஒரே குழு. ஜனவரியில் பிறந்த தடியனும் டிசம்பரில் பிறந்த நண்டும் ஒரே வயது என்று காகிதம் சொல்லும். காகிதத்தை நம்புகிறவர்கள் மைதானத்துக்கு வந்து பார்ப்பதில்லை. எட்டு வயதில் ஒரு வருடம் என்பது ஒரு சாண் உயரம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லீக்கில் செப்டம்பர் ஒன்று கணக்கு. அதனால் கோப்பைக்காக மோதும்போது அவர்கள் குழுவில் நான்கு மாதம் மூத்தவன் நிற்பான். எங்கள் ஆட்கள் தோற்றுவிட்டு நியாயம் கேட்பார்கள். இங்கே குள்ளன், அங்கே கொம்பன். பையனுக்காக வீட்டையே அந்தக் கரைக்கு மாற்றிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. என் வீடு மைதான வேலையோடு வந்த வீடு. நான் எங்கே போவது?

என் மகன் பிறந்தது டிசம்பர் முப்பது. இரண்டு நாள் பிந்தியிருந்தால் அவன் குழுவிலேயே மூத்தவன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வரும். கோச் வருடா வருடம் ஒரே பல்லவி பாடுவார்: "கெட்டிக்காரன்தான் பெரியவரே, உடம்பு பத்தல. அடுத்த வருஷம் பாக்கலாம்." அடுத்த வருடம் இவன் வளர்ந்தால் மற்றவன் வளராமலா இருப்பான்? எட்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக் கொடுத்தான். இப்போது லாரி ஓட்டுகிறான். என் மனைவி உயிரோடு இருந்தபோது சொல்வாள்: "அவனே மறந்துட்டான். நீங்க எதுக்கு அந்தத் தேதியைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" மறக்கிற ஆள் மறக்கட்டும். கோடு போட்டவனுக்குத்தான் கோடு தெரியும்.

மருமகள் முதல் பிள்ளை உண்டானபோது, பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாள் ஜனவரி ஐந்து. நான் நிம்மதியாக இருந்தேன். டிசம்பர் முப்பத்தொன்று மாலை நான்கரை மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மகன் லாரியோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான். மூட்டையும் வலையும் ஏற்றுகிற மைதான வேன் வாசலில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம்.

வேனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நள்ளிரவுக்கு ஏழரை மணி நேரம். என் மனைவிக்கு மகன் பிறக்கப் பதினெட்டு மணி நேரம் பிடித்தது. தலைப்பிள்ளை அவசரப்படாது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் அவசரம், கையில் கிடைத்தால் கத்தி வைத்து அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். பேட்டரி வயரைக் கழற்றினேன். ஒரே ஒரு நட்டுதான்.

"மாமா, வண்டிய எடுத்தாச்சா?"

"ஸ்டார்ட் ஆகலம்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன். வந்துடும்."

நான் சொல்லவில்லை. அவள் போனைச் சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா வந்தாள். "பெரியவரே, எங்க அண்ணன் மகன்கிட்ட கார் இருக்கு. கூப்பிடட்டா?"

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம். நீங்க கொஞ்சம் வெந்நீர் போடுங்க."

"வெந்நீரா? எதுக்கு, ஆம்புலன்ஸைக் குளிப்பாட்டவா?"

வாய் நீளம் அவளுக்கு. ஒன்பது மணிக்கு அவளே கார் கூப்பிடக் கிளம்பினாள். வாசலில் மறித்து, ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன், வலி முற்றினால் வந்தால் போதும் என்று நர்ஸ் சொன்னார் என்றேன். நான் சொன்னால் எதிர்த்துப் பேசுவாள். நர்ஸ் சொன்னதாகச் சொன்னால் பேசமாட்டாள்.

பதினோரு மணிக்கு மருமகளின் சத்தம் நின்றது. கொஞ்சம் தூங்குகிறாள், நல்லதுதான் என்று நினைத்தேன். பதினொன்று இருபதுக்கு வயரை மாட்டினேன். குலுங்காமல் இருக்கட்டும் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன். அந்த அக்கறை எனக்கு இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பதினேழுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்: "எவ்வளவு நேரம் வீட்லயே வச்சிருந்தீங்க? குழந்தைக்கு மூச்சு போதல. ஒரு மூணு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"தேதி என்னன்னு போட்டிருக்கீங்க, டாக்டர்?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணாம் தேதி" என்றார்.

ஏழு வருடம் ஆகிறது. கழுத்து நிற்காது. நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டித்தான் உட்காரவைக்க வேண்டும். கூழ்போல மசித்து அவன் அம்மா ஸ்பூனால் ஊட்டுகிறாள். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். ஆம்புலன்ஸ்காரனைத்தான் இத்தனை வருடமும் சபித்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே பேசவில்லை. சாயங்காலம் அவனை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். படுக்கவைத்து அளந்து பார்த்திருக்கிறேன், அவன் குழுவில் அவனைவிட உயரமானவன் கிடையாது.

போன மாதம் மைதானத்து அறையில் இரண்டு லீக்காரர்களும் கூட்டம் போட்டார்கள். பெற்றோர்களும் வந்திருந்தார்கள். பையன்களை இழுத்துக்கொள்கிற சண்டை தாங்கவில்லையாம். நான் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். செயலாளர் எழுந்து, "இனிமே ரெண்டு பக்கமும் செப்டம்பர் ஒண்ணுதான் கணக்கு. தொல்லை விட்டது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நான் ஏழு மணி நேரம் வண்டிய நிறுத்தி வச்சது எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த வண்டி, சுண்ணாம்பு?" என்று செயலாளர் சிரித்தார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கூட்டமும் சிரித்தது. மூன்றாவது வரிசையில் மருமகளின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் பெண் பதினொரு வயதுக் குழுவில் ஆடுகிறாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து, "எந்தக் கிழமை, எந்த நேரம், சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர்தான் இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் கூட்டிவந்தார்.

வயரைக் கழற்றியது நான், போனை எடுத்து வைத்தது நான், பொய் சொன்னது நான். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். ஆனால் ஒன்று. புதுக் கணக்குப்படி என் பேரன் குழுவில் நடுவாந்தரம் ஆகிவிட்டான். அவனுக்கு முன்னால் நான்கு மாதத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். செப்டம்பர் என்று அப்போதே சொல்லியிருந்தால் நான்கரை மணிக்கே வண்டியை எடுத்திருப்பேன். பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்தவர்கள் அந்த அறையில் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஐயா. போய் அவர்களைப் பிடியுங்கள்.