மூன்றாவது தீர்மானமும் என் காரின் செல்ஃபும்

சுழல மறுக்கும் சக்கரத்தையும் சுழல வைக்கும் சூத்திரம் அறிந்தோர் கூடிய இந்தச் சபையின் தலைவர், கீரனூர் வட்டார வாகனப் பழுதுபார்ப்போர் சங்கத்தின் தளராத தூண், அண்ணன் வெற்றிச்செல்வன் அவர்களே! கரி படிந்த கையோடு உழைத்து, கறை படியாத பெயரோடு வாழும் பெரியோர்களே! அந்தக் கரிச்சட்டைகளைத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே! குளத்தூர் மலையாண்டியின் குழம்பிய வணக்கம்.

குழம்பிய வணக்கம் என்றா சொன்னேன்? ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஆயிரம் மேடை ஏறியவன், இன்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இன்றைய மூன்றாவது தீர்மானம் என்ன? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் செல்வராணிக்குச் சங்க அட்டை கொடுப்பதா, மறுப்பதா? அட்டை இல்லையென்றால் ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அந்தப் பட்டறைப் பக்கம் திரும்பாது. மறுக்கச் சொல்லி எழுதியவன் யார்? நான்தான்! “செல்ஃப் மாட்டத் தெரியாதவருக்குச் சங்கத்தில் செல்வாக்கா?” என்று மோனை பார்த்து எழுதினேன். அதை விளக்கத்தான் என்னை அழைத்தீர்கள். ஆனால் காலை எட்டு மணி மலையாண்டி வேறு, இப்போது மேடையில் நிற்கும் மலையாண்டி வேறு.

என் அம்பாசிடரை உங்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வயது. ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், என்ஜினைக் கிளப்பும் அதன் செல்ஃப் மோட்டார் சோர்ந்தது. செல்வராணி கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, துடைத்து வைத்தார். மாட்ட அவருக்கு நேரம் கிடைக்குமுன், பூசைக்கு முதல் நாள் நான் பட்டறையில் போய் நின்றேன்.

“செல்ஃபைக் குடும்மா. நாளைக்குப் பூசை. காரு மட்டும் நிக்கும், செல்ஃபு இங்கிட்டுக் கெடக்குமா?”

“பூசை முடிஞ்சதும் நானே வந்து மாட்டித் தாரேன்ங்கய்யா” என்று சாக்கில் சுற்றிக் கொடுத்தார். சொன்னபடி வந்தார். மாட்டும்போது கேட்டார்: “இதுல எண்ணெய் கிண்ணெய் எதுவும் விட்டீங்களாய்யா?”

“நான் தொடவே இல்ல” என்றேன். உண்மை! ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை! ஒரு விரலால் தொடவில்லை!

மறுநாளே வந்தது மாயம். செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் சுற்றவில்லை! ஒரு நாள் ஒரே போடில் கிளம்பும். மறுநாள் ஙீ என்று வெறுமனே ஓடும். இன்னொரு நாள் ‘டக்’ என்று பல்லைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால்தான் விடும். மழைக்கா? வெயிலுக்கா? என் வயதுக்கா, அதன் வயதுக்கா? ஒன்றும் புரியவில்லை ஐயா!

யாரது, பேட்டரி என்பது? மாற்றினேன் தம்பி. எர்த் வயரா? அதையும் மாற்றினேன். கண் திருஷ்டி என்றார் மச்சான். நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்தேன். எலுமிச்சை நசுங்க வேண்டுமானால் வண்டி நகர வேண்டுமே!

செல்வராணி இரண்டு முறை வீடு தேடி வந்தார். “கழட்டிப் பாத்தாத்தான்ங்கய்யா தெரியும்.”

“நீ தொட்டதெல்லாம் போதும்மா” என்று வாசலோடு அனுப்பினேன். அதோடு விட்டேனா? டீக்கடையில் சொன்னேன், திருச்சி பஸ்ஸில் சொன்னேன், கடைசியில் சங்கத்துக்கும் எழுதினேன்.

எங்கே விட்டேன்? ஆம், இன்று காலை. இந்தக் கூட்டத்துக்கு வரவே வண்டி கிளம்பவில்லை. எலக்ட்ரீசியன் செபமாலை செல்ஃபைக் கழற்றினார். மோட்டார் சுற்றியதும் ஒரு சின்னப் பல்சக்கரம் திருகு மரையில் ஓடிப்போய் என்ஜினைப் பிடிக்க வேண்டும், பிடித்ததும் திரும்ப வேண்டும். நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்? அந்த மரையிடுக்கில் மஞ்சளாய் என்னவோ இறுகிக் கிடந்தது. சுரண்டினார், மோந்து பார்த்தார்.

“என்னங்க இது, செல்ஃபுக்குள்ள கோயில் வாசம் அடிக்குது?”

அடுப்படியிலிருந்து என் துணைவி பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தார். “நான்தான் பொட்டு வச்சேன். அருவாமனைக்கு ஒன்னு, ஸ்பேனருக்கு ஒன்னுன்னு வச்சிட்டு, காரு ஓடுற சாமானாச்சே, விட்டுப்போகக் கூடாதுன்னு இதுக்குப் பல்லுக்குப் பல்லு சந்தனம் வச்சேன். ஏன், கும்புடக் கூடாதா?”

பெட்ரோலில் கழுவி, காயவைத்து, மாட்டி, ஒரே போடு! பறந்து வந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எனக்குச் சொல்லுங்கள், குற்றம் யார் மீது? பக்தியோடு பொட்டு வைத்தவள் மீதா? மணக்க மணக்கக் காய்ந்த சந்தனத்தின் மீதா? எண்ணெயைக் கேட்டுச் சந்தனத்தைக் கேட்காதவர் மீதா? காரில் வரும் வழியெல்லாம் பழியை யார் தலையிலாவது இறக்கிவிடலாம் என்று தேடினேன். இறங்கவில்லை.

சற்றுமுன் பந்தல் வாசலில் செல்வராணியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். “அன்னைக்கே பிரிச்சுப் பாத்துருக்கணும்ங்கய்யா. ஐயா தொடலன்னு சொன்னீங்க, ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாட்டிட்டேன்” என்றார்.

கேட்டீர்களா? என் ஒரு சொல்லை அவர் நம்பினார். அவர் தொழிலை நான் நம்பினேனா? கழற்றிப் பார்க்காமல் மாட்டியது அவர் பிழையென்றால், கழற்றிப் பார்க்கவே விடாமல் ஊரெல்லாம் தூற்றியது எவ்வளவு பெரிய பிழை!

மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை மேடைகளில் அடுக்கியிருக்கிறேன்! இன்று ஒரே போடில் கிளம்ப மாட்டேன் என்கிறது. இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அம்மா செல்வராணி, தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சிரும்மா.

தலைவர் அவர்களே, என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் இதோ. டீக்கடையிலும் திருச்சி பஸ்ஸிலும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பேச விட்டதற்கும், சிரித்ததற்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் இல்லை என்று அந்த அம்மா அப்போதிருந்து பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் நாற்காலியை எடுத்துப் போடுங்கள், நான் கீழே நின்றுகொள்கிறேன். வணக்கம்.