சின்ன அறையில் வெயில்

தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற இரண்டு பெண்கள் லண்டன் செவன் கிங்ஸ் நிலையத்தில் ரயிலேறி எனக்கு எதிரே அமர்ந்தார்கள். இளையவள்தான் தொடங்கினாள்.

"என்னக்கா, ஜனவரியில முகமெல்லாம் வெந்துபோய்க் கிடக்கு? ஊருக்குப் போட்டு வந்தனீங்களோ?"

"எங்க போறது! சின்ன அறையில கஞ்சாச்செடி வளர்க்கிறன். வெயில் மாதிரி யூவி லைட் பிடிச்சா அதுக்குச் சத்துக் கூடுமாம். என்னையும் சேர்த்துச் சுட்டுப்போட்டுது."

"மெல்லக் கதையுங்கோ. முன்னால இருக்கிறவர் தமிழாக்கும்."

"கேக்கட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொலிஸ் வந்தா?"

"வரட்டும். கான்சர் நோவில நாள் முழுக்கக் கத்தின என்ர மனுசன் இதாலதான் இப்ப ரெண்டு வாய் சாப்பிடுறார். நான்தான் வளர்த்தனான் எண்டு கையை நீட்டுவன்."

"பாவசங்கீர்த்தனத்தில ஃபாதரிட்டச் சொன்னனீங்களோ?"

"அங்க பாவத்தைத்தானே பிள்ளை சொல்லுறது?"